கவர்மெண்டு மாவும் ஊர் அடுப்பும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து, பேராக்கில் எனக்குப் பழக்கமான ஒரு தோட்டத்து ஒட்டுக்கடையில் பசியாற உட்கார்ந்திருந்தேன். ஒரு காலத்தில் முழுக்கப் பால்மரம் நின்ற தோட்டம் அது. இப்போது செம்பனை. பழைய லயத்தில் நம்மவர்கள் பத்துப் பதினைந்து குடும்பம்தான் மிச்சம். மற்ற வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்களும் இந்தோனேசியக் குடும்பங்களும் இருக்கிறார்கள்.

லயத்துக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வது மரியாதைக்காகத்தான். செம்பனை மட்டை, பிளாஸ்டிக் பை, உடைந்த வாளி எல்லாம் அடைத்துக்கொண்டு தண்ணீர் பச்சையாக நிற்கிறது. கொசுவுக்குக் கேட்க வேண்டுமா?

லாரி ஓட்டும் தம்பி ஒருவர் பேச்சை ஆரம்பித்தார்.

"ஓட்டுக் கேட்க வந்தப்ப இந்த வாய்க்காலைப் பார்த்துட்டுத்தானே போனாங்க? இப்ப ஒருத்தரையும் காணோம். கவர்மெண்டு எதுக்கு இருக்கு? அவங்க வந்து சுத்தம் பண்ணட்டும்."

எதிரில் உட்கார்ந்திருந்தவர் வேலை ஓய்வு பெற்ற மண்டோர். கிறிஸ்தவர். விடுவாரா?

"எட்டு வருஷமா இதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கே, தம்பி. அந்த வாய்க்கால்ல கெடக்கிற பாம்பர்ஸ் எல்லாம் கவர்மெண்டு புள்ளையோடதா? வேலை செய்யாதவனுக்குச் சோறு இல்லைன்னு பைபிள்லயே இருக்கு. என்னாங்க சார், நான் சொல்றது சரிதானே?"

கடைசிக் கேள்வி என்னைப் பார்த்து. பத்திரிகையில் எழுதுகிறவன், அதிலும் கிறிஸ்தவன். ஆகவே நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். நான் தேத்தண்ணியை ஊதிக் குடித்துக்கொண்டே நேரம் கடத்தினேன். கடைக்கார அக்காதான் பதில் சொன்னார்.

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருங்க. எம்மவன் டிங்கி காய்ச்சல்ல ஆறு நாளு ஆஸ்பத்திரியில கெடந்தான். அப்ப கவர்மெண்டும் வாய்க்காலை வெட்டலே, நீங்களும் வெட்டலே."

அதற்குமேல் யாரும் பேசவில்லை. அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டதைத்தான் இன்று இந்தப் பகுதியில் எழுதுகிறேன். கிறிஸ்தவ வேதத்தை வைத்துக் கேட்ட கேள்வி என்பதால் அந்த வழியிலேயே போகிறேன். வேறு சமயத்து அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாய்க்கால் எல்லார் வீட்டுப் பின்னாலும்தான் நிற்கிறது.

சுமை இரண்டு விதம்

மண்டோர் அண்ணன் சொன்ன அந்த வாக்கு, பவுல் தெசலோனிக்கே நகரத்துச் சபைக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் வருகிறது. (எங்கள் பாட்டி கடைசிவரை அவரைச் சின்னப்பர் என்றுதான் சொன்னார்.) ஆனால் அண்ணன் சொன்னதுபோல் அதில் இல்லை. வேலை இல்லாதவனைப் பற்றியோ, வேலை செய்ய முடியாதவனைப் பற்றியோ பவுல் அங்கே பேசவில்லை. வேலை செய்ய *மனமில்லாதவனைப்* பற்றித்தான் பேசுகிறார். அந்தச் சபையில் சிலர் தொழிலை விட்டுவிட்டு, அடுத்தவன் வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைத்துக்கொண்டு, பிறர் கையிலிருந்து சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். அவர்களுக்குச் சொன்னது அது. சொன்னவரும் மேடையில் நின்று சொல்லவில்லை. பவுல் கூடாரம் செய்கிற தொழிலாளி. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று இரவும் பகலும் கைவேலை செய்தே சாப்பிட்டவர்.

அதே பவுல்தான், எருசலேமில் ஏழைகள் வாடுகிறார்கள் என்று தெரிந்தபோது ஊர் ஊராகக் கடிதம் எழுதிக் காசு சேர்த்தார். வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தன் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்கட்டும் என்று கொரிந்து நகரத்தாருக்கு ஏற்பாடும் சொல்லிக் கொடுத்தார். உழைக்காதவனைக் கண்டித்த வாயும் தவித்தவனுக்காகக் கையேந்திய வாயும் ஒன்றுதான்.

இதைவிட விசேஷம் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. ஆறாம் அதிகாரம் இரண்டாம் வசனத்தில், ஒருவர் சுமையை மற்றவர் தாங்க வேண்டும் என்கிற கருத்தைச் சொல்கிறார். மூன்று வசனம் தள்ளி ஐந்தாம் வசனத்துக்கு வந்தால், அவனவன் சுமையை அவனவன்தான் சுமக்க வேண்டும் என்கிறார். எது உண்மை? பழைய தமிழ் வேதத்தில் இரண்டு இடத்திலும் 'பாரம்' என்ற ஒரே சொல்லைப் போட்டிருப்பதால் குழப்பம் இன்னும் கூடுதல். மூலமான கிரேக்கத்தில் சொல் வேறு வேறு. முதலில் வருவது 'பாரோஸ்'. ஒருவனை நசுக்குகிற கனத்துக்கு அந்தப் பெயர். இரண்டாவது 'போர்த்தியோன்'. ஒரு மனிதன் தோளில் தூக்கிப் போகிற மூட்டைக்கு அந்தப் பெயர்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. காண்டா கம்பில் முன்னும் பின்னும் வாளியை மாட்டி, தன் நிரையில் இறக்கிய பாலைத் தானேதான் ஸ்டோருக்குச் சுமந்து போக வேண்டும். அடுத்தவன் தோளில் என் காண்டாவைப் போட்டால் அவன் சும்மா விடுவானா? அது போர்த்தியோன். புயலில் ஒரு மரம் சாய்ந்து பாதையில் கிடந்தால்? அதை ஒருத்தன் தூக்க முடியாது. மண்டோர் சத்தம் கொடுத்து ஏழெட்டுப் பேரைக் கூட்டுவார். அந்த நேரத்தில் "அவனவன் மரத்தை அவனவன் தூக்குங்க" என்று ஒருவன் சொன்னால் அவனைப் பைத்தியக்காரன் என்போம். அது பாரோஸ்.

நம் வாழ்க்கையில் எது காண்டா, எது சாய்ந்த மரம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் தடுமாறுகிறோம். மரம் விழுந்து கிடக்கும்போது ஏழையைப் பார்த்து "நீ சோம்பேறி" என்கிறார்கள் சிலர். சொந்த வாளியைத் தூக்காமல் "யாராவது வரட்டும்" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு கூட்டத்துக்கும் ஒரு வசனம் கிடைத்துவிடுகிறது என்பதுதான் வேடிக்கை.

என் பெரியப்பா கதை

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

1957இல் நாடு சுதந்திரம் பெற்றபோது, இங்கே வெகுகாலம் வாழ்ந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி இருந்தது. முதல் ஓர் ஆண்டுக்குள் விண்ணப்பித்தால் மொழிப் பரீட்சையிலிருந்து விலக்குக்கூட உண்டு. எங்கள் தோட்டத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்? தெரிந்தவர்களும் எத்தனை பேர் போனார்கள்? என் பெரியப்பா போகவில்லை. "தொரை இருக்காரு, கவர்மெண்டு இருக்கு, பால்மரம் இருக்கு. நம்மள யாரு வெரட்டப் போறா?" என்றாராம். அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பன்னிரண்டு ஆண்டு ஓடியது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969இல், குடியுரிமை இல்லாதவன் வேலை செய்ய வேண்டுமானால் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்று ஆயிற்று. தோட்டத்துக்குத் தோட்டம் ஒரே பேச்சு. அந்தக் காலகட்டத்தில் ஏறக்குறைய அறுபதாயிரம் இந்தியத் தொழிலாளர்கள் ஊருக்குத் திரும்பிப் போனார்கள் என்று வரலாறு எழுதியவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அதில் ஒருவர் என் பெரியப்பா. பினாங்குத் துறைமுகத்தில் ரஜுலா கப்பல் ஏறியபோது பெரியம்மா அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் பால் வெட்டியவர், ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு போர்வையும் கொண்டு போனார். நாகப்பட்டினத்தில் இறங்கியபின் இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் வரவில்லை.

யார் தப்பு? சின்ன வயதில் எனக்குக் கவர்மெண்டு மேல் கோபம். படித்து வேலைக்குப் போனபின் பெரியப்பா மேல் கோபம். ஒரு விண்ணப்பம் எழுதிப் போட முடியாதா என்று. இப்போது வயதாகிவிட்டது, கொஞ்சம் நிதானமாக யோசிக்கிறேன். பட்டணத்து ஆபீசுக்குப் போக ஒரு நாள் கூலி போய்விடும். பஸ் காசு வேறு. அங்கே போனால் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். இவருக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. விவரம் தெரிந்த ஒருவர் தோட்டத்தில் இருந்தார், அவர் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு தடை இருந்தது உண்மை. அதே தடை எங்கள் பக்கத்து டிவிஷனுக்கும் இருந்தது அல்லவா? அங்கே மட்டும் பெரும்பாலும் எல்லாருக்கும் நீல அடையாளக் கார்டு கிடைத்தது எப்படி?

அங்கே ஓர் உபதேசியார் இருந்தார். சம்பளத்துக்கு வேலை செய்கிற உபதேசியார் இல்லை. காலையில் பால் வெட்டிவிட்டு மாலையில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்கிறவர். அவரும் மாரியம்மன் கோயில் தலைவரும் சேர்ந்து வீடு வீடாகப் போய் ஆட்களைக் கிளப்பினார்கள். ஒவ்வொரு வாரமும் ஆறேழு பேர். அவர்கள் இல்லாத நாளில் அவர்கள் நிரையை மற்றவர்கள் பிரித்து வெட்டி, கூலியைக் கொடுத்துவிடுவது என்று பேச்சு. விண்ணப்பத்தாளை உபதேசியாரே எழுதினார். கிறிஸ்தவனா, இந்துவா என்று பார்க்கவில்லை. சட்டத்தைப் போட்டது அரசாங்கம். பட்டணத்துக்கு நடந்து போனது அந்தந்த மனிதன். இடையில் இருந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போக ஒருவர் வேண்டியிருந்தது. எங்கள் டிவிஷனில் அந்த ஆள்தான் இல்லை. என் அப்பாகூட அந்த உபதேசியார் கையால் எழுதித்தான் விண்ணப்பம் போட்டார். பெரியப்பாவையும் கூப்பிட்டாராம், "பார்க்கலாம்" என்றாராம் அவர்.

வெயர்புஷ் ஊரில் ஒரு பஞ்சம்

இடையில் நிற்கிற அந்த ஆளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஜெர்மானியர் நினைவு வரும். அவர் பெயர் பிரெட்ரிக் வில்ஹெல்ம் ரைபைசன். 1818இல் பிறந்தவர். பெரிய படிப்பு இல்லை. ஊர்ப் போதகரிடம் படித்தவர். பட்டாளத்தில் சேர்ந்தார், கண் நோயால் அதை விட வேண்டியதாயிற்று. 1845இல் வெயர்புஷ் என்ற ஏழைக் கிராமப் பகுதிக்கு மேயராக வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. மேயர் என்றால் மாலை மரியாதை என்று நினைக்காதீர்கள். அவரும் அரசாங்கச் சிப்பந்திதான்.

1846இல் விளைச்சல் பொய்த்தது. உருளைக்கிழங்கில் நோய் வேறு. அந்தக் குளிர்காலம் பஞ்சம். அரசாங்கம் சும்மா இருக்கவில்லை, மாவு அனுப்பியது. ஆனால் ஒரு நிபந்தனை: ரொக்கம் கொடுப்பவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். பஞ்சத்தில் அடிபட்டவனிடம் ரொக்கம் ஏது? மாவு கிட்டங்கியில், பசி வீட்டில். மேயர் என்ன செய்தார்? தன் பொறுப்பில் கடனுக்குக் கொடுத்தார். மேலிடத்து உத்தரவை மீறினார் என்றே சொல்ல வேண்டும். அதோடு நிற்கவில்லை. ஊரில் வசதி உள்ளவர்களைக் கூட்டி, கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்கிறோமே, அதற்கு அர்த்தம் என்ன என்று கேட்டு ஒரு நிதி சேர்த்தார். அந்தக் காசில் தானியம் வாங்கினார்கள். ஊருக்குப் பொதுவாக ஓர் அடுப்பு கட்டினார்கள். கடை விலையைவிட வெகு மலிவாக ரொட்டி சுட்டு, கடனுக்குக் கொடுத்தார்கள். அடுத்த அறுவடையில் திருப்பித் தர வேண்டும்.

கதை இங்கே முடிந்திருந்தால் தருமவான் ஒருவரின் கதையாகப் போயிருக்கும். நமக்கு வேண்டியது பின்கதைதான். அவர் வேறு ஊர்களுக்கு மாற்றலானார். அங்கேயும் மாடு வாங்கக் கடன் கொடுத்துக் குடியானவனை உறிஞ்சுகிற வட்டிக்காரர்கள் இருந்தார்கள். (ஆ லோங் நம் நாட்டுச் சரக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.) 1849இலும் 1854இலும் அவர் தொடங்கிய சங்கங்களில், பணக்காரர்கள் பணம் போட்டார்கள் அல்லது ஜாமீன் நின்றார்கள்; ஏழைகள் வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச காலம் நன்றாக நடந்தது. பிறகு கொடுக்கிறவனுக்குச் சலிப்புத் தட்டியது. எத்தனை நாளைக்குத்தான் என்று ஒதுங்க ஆரம்பித்தார்கள். ரைபைசனுக்கு இது பெரிய அடி. அன்பு இருந்தால் போதும் என்று நம்பியிருந்தவர் அவர்.

1864இல் ஹெட்டஸ்டார்பில் சங்கத்தை மாற்றி அமைத்தார். கடன் வேண்டுமா, நீயும் உறுப்பினராகச் சேர். நிர்வாகம் பார்க்கிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. கணக்கு எழுதுகிறவருக்கு மட்டும் உண்டு. ஒரு சங்கம் ஒரு சின்ன ஊரளவுக்குத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் எவன் குடிக்கிறான், எவன் உழைக்கிறான் என்று ஒருவருக்கொருவர் தெரிந்திருக்க வேண்டும். ஒருவன் கட்டாவிட்டால் நஷ்டத்துக்கு எல்லாரும் பொறுப்பு. யோசித்துப் பாருங்கள்: கலாத்தியரின் இரண்டு வசனமும் ஒரே கணக்குப் புத்தகத்தில் ஏறிவிட்டது. என் கடனை நான்தான் கட்ட வேண்டும். நான் விழுந்தால் ஊர் தாங்கும். ஊர் தாங்கும் என்பதாலேயே நான் வேண்டுமென்று விழ மாட்டேன், அடுத்த வீட்டுக்காரன் முகத்தில் எப்படி விழிப்பது?

கடைசிக் காலத்தில் அவருக்குக் கண் பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது. மகள்தான் உடனிருந்து கடிதம் எழுதிக் கொடுத்தார். 1888இல் இறந்தார்.

அந்த அடுப்பின் நெருப்பு நம் பக்கம் வந்த வழிதான் ஆச்சரியம். மதராஸ் மாகாணத்தில் குடியானவர்கள் கடனில் மூழ்குவதைப் பார்த்து, பரிகாரம் தேடும்படி பிரெட்ரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை அரசு நியமித்தது. ஐரோப்பாவில் நடப்பதை ஆராய்ந்து 1895இலும் 1897இலும் அவர் கொடுத்த அறிக்கையின் சாரம், ரைபைசன் போன்ற ஒருவரைக் கண்டுபிடியுங்கள் என்பதுதான். பணத்தைக் கண்டுபிடியுங்கள் என்று அவர் சொல்லவில்லை, கவனித்தீர்களா? 1904இல் இந்தியாவில் கூட்டுறவுச் சட்டம் வந்தது. 1922இல் மலாயாவிலும் வந்தது. அதே ஆண்டு தபால், தந்தி ஊழியர்கள் முதல் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். பின்னர் தோட்டங்களிலும் சிக்கன நாணயச் சங்கங்கள் ஏற்பட்டன. சம்பள நாளில் கிராணி மேசையில் ஒரு வெள்ளியும் இரண்டு வெள்ளியும் பிடித்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தை விற்க, வாங்கினவர்கள் துண்டு துண்டாகப் பிரிக்க, நம் ஆட்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த நேரம். துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்து நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். அன்றைக்குப் பத்து வெள்ளி என்பது பல நாள் கூலி. அப்போது அவர் அமைச்சராகவே இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. கவர்மெண்டில் இருந்தவரே, கவர்மெண்டு வாங்கித் தரும் என்று சொல்லாமல், காசு எடு என்று கேட்டார். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அதன் பிறகு வாங்கிய தோட்டங்களும் உண்டு. சங்க நிர்வாகத்தைப் பற்றி வாசகர்களுக்குப் பலவித அபிப்பிராயம் இருக்கலாம், எனக்கும் உண்டு. அது வேறு கட்டுரை.

யோசேப்பின் களஞ்சியம்

இவ்வளவு படித்தபின், "அப்படியானால் கவர்மெண்டு ஒன்றும் செய்ய வேண்டாமா? முதலாளிக்கு வக்காலத்தா?" என்று லாரித் தம்பி கேட்பார். நியாயமான கேள்வி.

வேதத்திலேயே அரசாங்கக் களஞ்சியம் இருக்கிறது. ஆதியாகமத்தில், எகிப்து தேசத்தில் ஏழு ஆண்டு நல்ல விளைச்சல் வந்தபோது ஐந்தில் ஒரு பங்கை எடுத்துச் சேர்த்து வைக்கச் சொல்கிறார் யோசேப்பு. பஞ்சம் வந்தபோது அந்தத் தானியம்தான் ஜனங்களை உயிரோடு வைத்தது. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக இதைச் செய்திருக்க முடியாது. ஆகவே பெரிய காரியத்துக்குப் பெரிய கை வேண்டும் என்பது உண்மை. ஆனால் பிரசங்கத்தில் அநேகமாக இதோடு நிறுத்திவிடுவார்கள். நாற்பத்தேழாம் அதிகாரத்தையும் படித்துப் பாருங்கள். முதல் தடவை ஜனங்கள் காசு கொடுத்துத் தானியம் வாங்கினார்கள். காசு தீர்ந்ததும் மாட்டைக் கொடுத்தார்கள். மாடும் தீர்ந்ததும் நிலத்தையும் தங்களையும் கொடுத்துப் பார்வோனுக்கு அடிமையானார்கள். களஞ்சியம் காப்பாற்றியது, அதே களஞ்சியம் கழுத்தில் கயிறும் போட்டது. இலவச அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் எனக்கு இந்த அதிகாரம் நினைவுக்கு வருவதுண்டு.

அதேசமயம், சேமநிதியும் சொக்சோவும் குறைந்தபட்சச் சம்பளமும் அரிசிப் பை அல்ல. இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 1951இல் தொடங்கிய சேமநிதி நம் சம்பளத்தில் பிடித்த காசும், நம் உழைப்புக்காக முதலாளி போட வேண்டிய காசும். 2013இல் முதன்முதலாக வந்த குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 900 வெள்ளி. 2025 பிப்ரவரியில் அது 1,700 வெள்ளி ஆயிற்று. அதைக் கேட்பது பிச்சை அல்ல. யாக்கோபின் கடிதத்தில், வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கடவுளின் காதில் விழும்படி கூக்குரல் போடுவதாக எழுதியிருக்கிறது. சங்கத்துக்குச் சந்தா கட்டுவதும், சம்பளச் சீட்டை வாங்கிப் படித்துப் பார்ப்பதும், சேமநிதி சரியாகப் போகிறதா என்று சோதிப்பதும் தனிமனிதப் பொறுப்பில் சேர்ந்தவைதான். 'உன் பொறுப்பு, உன் பொறுப்பு' என்று தொழிலாளியிடம் சொல்கிற சிலர், ஒழுகாத கூரை தங்கள் பொறுப்பு என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பழைய ஏற்பாட்டில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. நிலக்காரன் அறுக்கும்போது ஓரத்தை ஒட்ட அறுக்கக் கூடாது, சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது. அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது. ஆனால் அந்தக் கதிர் கட்டாக வீட்டுக்கு வந்து சேராது. ரூத் என்ற விதவை, அதுவும் வேற்று நாட்டுப் பெண், காலையிலிருந்து மாலைவரை வெயிலில் குனிந்து பொறுக்கி, தட்டி எடுத்து, மாமியாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சட்டம் ஓரத்தை விட்டு வைத்தது, நிலக்காரன் சட்டத்துக்குப் பணிந்தான், ரூத் குனிந்தாள். மூன்றில் எது இல்லாவிட்டாலும் அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது.

போப்பாண்டவர் பதினோராம் பத்திநாதர் 1931இல் எழுதிய சுற்று மடலிலும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். சின்னக் குழு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பிடுங்கிக்கொள்வது அநியாயம். பெரியது சின்னதற்குத் துணையாக இருக்க வேண்டும், அதை விழுங்கிவிடக் கூடாது. ஒரு பக்கம் முசோலினி ஆண்ட காலம் என்பதை நினைத்துக்கொண்டால் அதை எழுதிய துணிச்சல் விளங்கும்.

மறுபடியும் வாய்க்கால்

போன சனிக்கிழமை அந்தத் தோட்டத்துக்கு மறுபடியும் போனேன். கடைக்கார அக்கா மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். இன்னும் சோர்வாகத்தான் இருக்கிறான்.

லயத்துக்குப் பின்னால் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், மண்டோர் அண்ணன் பேனியனோடு மம்பட்டி பிடித்து நிற்கிறார். எழுபது வயதுக்கு மேல் ஆயிற்று அவருக்கு. கூட ஒன்பது பத்துப் பேர். அதில் நால்வர் வங்காளதேசத்துப் பையன்கள். அவர்களுக்கும் அதே கொசுதானே. லாரித் தம்பி ஒரு பழைய லாரியை இரவல் வாங்கிக்கொண்டு வந்து குப்பையை ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கம்.

"நம்ம வீட்டுப் பின்னாடி உள்ளதை நாமளே எடுத்துடறோம் சார். ஆனா அந்தக் கடைசியில பாருங்க."

காட்டிய இடத்தில், வாய்க்கால் பெரிய ரோட்டுக்கு அடியில் போகிற சிமிண்டுக் குழாய் உள்ளே இடிந்து கிடந்தது. மம்பட்டிக்கு அசையாது. இயந்திரம் வேண்டும், ரோட்டை உடைக்க அனுமதி வேண்டும். இரண்டு மணி நேரம் வெட்டி விட்ட தண்ணீர் அங்கே போய் முட்டி, குளமாக நிற்கிறது.

மண்டோர் அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "எழுதுங்க சார்," என்றார். மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று, தோட்ட நிர்வாகத்துக்கு ஒன்று, மலாயில் இரண்டு கடிதம். இடிந்த குழாயின் படத்தைத் தம்பி கைப்பேசியில் எடுத்தார். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். வங்காளதேசத்துப் பையன்கள் போடலாமா, கூடாதா என்று ஒரு பத்து நிமிஷம் விவாதம் நடந்தது. கடைசியில் நிர்வாகத்துக்குப் போகிற கடிதத்தில் மட்டும் போட்டார்கள்.

திங்கட்கிழமை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேலை நாள்.

"நான் போறேன்," என்றார் லாரித் தம்பி. "அன்னிக்கு ஒரு டிரிப் போனாப் போவுது. ஆனா வாங்கிக்கிட்டதுக்கு முத்திரை குத்திக் குடுக்காம வரமாட்டேன்."

அக்கா உள்ளேயிருந்து ஒரு தட்டில் வடை கொண்டுவந்து வைத்தார். காசு வாங்கவில்லை.